ஒன்றுக்கு ஐந்து என்றால் எத்தனை பங்கு

கோபம் வந்தால் எனக்குக் குரல் உயராது, விரல்தான் நடுங்கும். நாள் முழுக்கத் துளி அளந்துவிடும் பிப்பெட் பிடிக்கிற வேலையில் இருப்பவளுக்கு அது நல்லதில்லை. அந்த வருடம் மழை தொடங்கியதிலிருந்து தசரா விளக்குகள் ஏற்றும் வரை என் விரல்கள் அடங்கவே இல்லை.

மைசூரில், ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் எல்லாம் மூட்டையிலிருந்து எடுத்த சாம்பிளாக எங்களிடம் வரும். அவற்றில் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. சாம்பிளை அரைத்து, சாறு எடுத்து, அதில் கரைசல் சேர்த்து நீர்த்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் விட்டு, காத்திருந்து, கழுவி, நிறம் வரவைக்கும் கரைசலை ஊற்றி, மறுபடி காத்திருந்து, சரியான நொடியில் நிறுத்த வேண்டும். இதில் இரண்டு விஷயம் தவறக் கூடாது. எவ்வளவு நீர்த்தோம், எவ்வளவு நேரம் காத்திருந்தோம். இரண்டில் ஒன்று தவறினாலும் கெட்ட கடலை நல்ல கடலையாக ஊருக்குள் போய்விடும்.

இந்த இரண்டையும் அதுவரை நாங்கள் கால்குலேட்டரிலும் கைபேசியிலும் சமாளித்து வந்தோம். ஒருவர் கையுறையின் மேல் மார்க்கரால் கணக்குப் போடுவார். இன்னொருவர் கைபேசியில் அலாரம் வைத்துவிட்டு, அடுத்த அலாரத்தை வைக்கும்போது முதலாவதை அழித்துவிடுவார். இது சரிப்படாது என்று நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதனால், ஒரு நல்ல மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கூடத்தின் தலைவர் என்னிடமே கொடுத்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலுகோட்டைப் பூர்வீகம், பல தலைமுறையாக மைசூர். அவர் வீட்டுத் தமிழ் கன்னடச் சொற்கள் கலந்த ஒரு தனித் தமிழ். நான் கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்துக்காரி, விவசாயக் குடும்பம். நாங்கள் இருவரும் பேசுவது ஒரே மொழிதான் என்று நம்புவதற்கு எங்களுக்கே கொஞ்ச நாள் ஆனது. கூட்டங்களில் அவர் ஆங்கிலம் பேசுவார், அதட்டும்போது கன்னடம். என்னிடம் தமிழுக்கு மாறினால் எதையோ மறுக்கப் போகிறார் என்று அர்த்தம்.

தேர்வு வேலையை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை, கைபேசிச் செயலிகள், காசு கொடுத்து வாங்குபவை என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு இணையதளம் எந்தப் பிப்பெட்டாலும் எடுக்க முடியாத அளவுக்குச் சிறிய துளியை எடுக்கச் சொன்னது. கணக்காகச் சரிதான், ஆனால் அந்தத் துளியை யார் எடுப்பது? ஒரு செயலியில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்க வளையல் விளம்பரம் வந்து நின்றது. இன்னொன்றின் மணி எவ்வளவு மென்மையாக ஒலித்தது என்றால், சுழலும் இயந்திரத்தின் இரைச்சலில் எனக்கு அது கேட்கவே இல்லை. பெங்களூர்க் கம்பெனி ஒன்று டேப்லெட்டோடு சேர்த்து விற்கும் மென்பொருளும் பட்டியலில் இருந்தது. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு டேப்லெட். நீர்க்கும் கணக்கை அதுவே போடும், ஒவ்வொரு கட்டத்துக்கும் அதுவே நேரம் ஓட்டும், எல்லாவற்றையும் பதிவு செய்யும். பார்க்க அழகாக இருந்தது.

விற்பனையாளர் வந்து காட்டியபோது ஒன்றுக்கு ஐந்து என்று போட்டுப் பார்த்தேன். எங்கள் கூடத்தில் ஒன்றுக்கு ஐந்து என்றால் சாறு ஒரு பங்கு, கரைசல் நாலு பங்கு, மொத்தம் ஐந்து. அந்த மென்பொருள் சாறு ஒரு பங்கு, கரைசல் ஐந்து பங்கு என்று காட்டியது. மொத்தம் ஆறு. இரண்டு வழக்கமும் உலகத்தில் உண்டு, அது தப்பில்லை. ஆனால் கலக்கும்போது ஆறு பங்கு கலக்கச் சொல்லிவிட்டு, முடிவைக் கணக்கிடும்போது ஐந்தால் பெருக்கியது. அப்படியானால் நஞ்சின் அளவு எப்போதும் உள்ளதைவிடக் குறைவாகத்தான் வரும்.

அவரிடம் சொன்னேன். "மேடம், அதெல்லாம் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தள்ளினார். அடுத்த பக்கத்தில் மேலாளருக்கான திரை. யார் எந்தக் கட்டத்தை எப்போது தொடங்கினார்கள், எவ்வளவு தாமதித்தார்கள் என்பதெல்லாம் பச்சையும் சிவப்புமாக வரிசை கட்டி நின்றன. தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

என் முடிவை நான் கூட்டத்தில் சொன்னேன். நீர்க்கும் கணக்குக்கு, மொத்த அளவைக் கேட்டு வாங்கும் எக்செல் தாள் ஒன்று. யாரும் சூத்திரத்தை மாற்றிவிடாமல் பூட்டி வைக்கலாம். நேரத்துக்கு, நாலு கட்டங்களுக்குத் தனித்தனியாக மணி அடிக்கும் காந்த டைமர்கள். கையுறை போட்ட கையின் முழங்கையாலேயே அழுத்தலாம். டேப்லெட்டை அப்படித் தொட முடியாது, ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் தொட்டால் நஞ்சு திரையில் ஒட்டும். இதையெல்லாம் காரணத்தோடு சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"நீங்க சொல்றது ரொம்ப சரி. ஆனா அந்த டேப்லெட்டுக்கு ஆர்டர் போயாச்சே."

"எப்ப சார்?"

"போன வாரமே."

"அப்புறம் எதுக்கு சார் என்னைப் பாக்கச் சொன்னீங்க?"

"ஆடிட்ல கேப்பா. நாலஞ்சு பாத்துட்டுத்தான் எடுத்தோம்னு காட்டணும் இல்லையா, அல்வா? உங்க ஒப்பீடு ரொம்ப நன்னா இருக்கு. அதையும் ஃபைல்ல வெச்சுடலாம்."

எதிராக நான் சொன்ன அத்தனையும், அதை வாங்கியதற்கு ஆதாரமாகக் கோப்பில் போய் உட்கார்ந்தது. அன்று மதியம் நான் ஒரு சாம்பிள்கூடப் பார்க்கவில்லை. பிப்பெட்டின் நுனி குப்பியின் விளிம்பில் மோதி மோதிச் சத்தம் எழுப்பியது. வைத்துவிட்டு வெளியே போய், வேலி ஓரம் நின்றிருந்தேன்.

டேப்லெட்கள் வந்தன. பொருத்த வந்தவரின் பக்கத்திலேயே நின்று, ஒன்றுக்கு ஐந்து என்றால் மொத்தம் ஐந்து என்று மாற்ற வைத்தேன். எல்லா மேசையிலும் போட்டுப் பார்த்துச் சரி என்று உறுதி செய்த பிறகே என் பிரிவுக்குப் போனேன். நான் இருப்பது மாடியில், வேறு இயந்திரத்தில். நஞ்சுப் பரிசோதனை கீழ்த்தளத்தில், அதன் அறிக்கைகளில் கடைசிக் கையெழுத்து மட்டும் என்னுடையது.

கீழ்த்தளத்தில் அந்த வேலையைப் பார்த்தவள் கொள்ளேகால் பெண். அவளைக் கல்யாணம் செய்து கொடுத்த ஊர் சாமராஜநகர். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். என்னைவிட வயதில் நிறையச் சின்னவள், ஒப்பந்த ஊழியர். எங்கள் இருவர் பேச்சும் ஒரே மாதிரி என்பதால் வந்த நாளிலேயே என்னை அக்கா ஆக்கிக்கொண்டாள். அப்போது அவள் கர்ப்பமாக இருந்தாள், வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கிய மாதம்.

அந்த டேப்லெட்டில், ஒரு கட்டம் முடிந்து அடுத்ததை உடனே தொடங்காவிட்டால் காரணம் கேட்கும். கருவி பழுது, சாம்பிள் வரவில்லை, சொந்தக் காரணம். மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் ஒவ்வொரு தடவையும் சொந்தக் காரணம் என்பதையே தொட்டாள். பரிசோதனைக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தட்டைக் கழுவிய பிறகு, நிறக் கரைசலை ஊற்றுவதற்கு முன்னால், சற்று நேரம் வைக்கலாம் என்று செய்முறையிலேயே இருக்கிறது. ஆனால் மேலாளரின் திரையில் அவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடுகள் கூடிக்கொண்டே போயின.

இதற்கிடையில் வெளியிலிருந்து ஒரு சோதனைப் பொடி வந்தது. எங்களைப் போன்ற கூடங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, நஞ்சின் அளவு ஏற்கெனவே தெரிந்த பொடியை, அளவைச் சொல்லாமல் அனுப்புவார்கள். அது அவள் கைக்குப் போனது. அவள் கொடுத்த முடிவு, உண்மையான அளவைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தது. கூடத்துக்கு அவமானம்.

தலைவர் அவளைக் கூட்ட அறைக்கு அழைத்தார். நீ எப்படி நீர்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை. சுவரில் சிவப்புக் கோடுகளைப் பெரிதாகக் காட்டினார்கள். மனிதவளப் பிரிவிலிருந்து வந்தவர், அந்தச் சோதனையன்று அவள் வெளியே போன ஒவ்வொரு தடவையையும் எல்லோர் முன்னாலும் வாசித்தார். கவனக்குறைவு என்று எழுதிய காகிதத்தைக் கொடுத்துப் பதில் கேட்டார்கள்.

உடை மாற்றும் அறையில் அவளைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நா ஒண்ணுக்குப் போனத ஆம்பளைங்க முன்னாடி படிக்கறாங்க்கா."

"யாரு படிச்சது?"

"அந்த எச்சாரு. அவர் பாட்டுக்குப் படிச்சுட்டே போறாரு. சார் அந்தச் செவுத்தையே பாத்துட்டு இருக்கறாரு." கோட்டின் ஓரத்தை முறுக்கினாள். "நா எல்லாம் அது சொன்னபடிதான் கலக்குனேன்க்கா. எதுல தப்புன்னே தெரீல."

"எது சொன்னபடி?"

"அந்த டேப்புதான். ஒண்ணு விடு, அஞ்சு ஊத்துன்னுது. ஊத்துனேன்."

"ஒண்ணுக்கு அஞ்சு ஊத்துனயா? நாலு இல்லையா?"

"முன்ன நாலுன்னுதான் சொல்லீட்டு இருந்துதுங்க்கா. அப்புறம் அஞ்சுன்னுது. நீங்கதான் மாத்தச் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

கீழே போய் அவள் மேசையில் ஒன்றுக்கு ஐந்து என்று போட்டேன். மொத்தம் ஆறு. பக்கத்து மேசையிலும் ஆறு. திரையின் ஓரத்தில் புதுப் பதிப்பு எண் இருந்தது, மென்பொருளை யாரையும் கேட்காமல் கம்பெனி புதுப்பித்திருந்தது. புதுப்பித்தபோது நான் நின்று மாற்ற வைத்தது பழையபடி ஆகிவிட்டது.

தலைவர் அறைக்குப் போனேன்.

"சார், தப்பு அவ மேல இல்லீங்க. டேப்லெட் ஆறு பங்கு கலக்கச் சொல்லியிருக்குதுங்க."

"அதுவும் இருக்கும். ஆனா அவ நேரத்தையும் பாருங்கோ. டேட்டா இருக்கே."

"அந்த நேரத்துக்கும் இந்த ரிசல்ட்டுக்கும் சம்பந்தமில்லீங்க சார். நீர்த்ததுதான் தப்பு."

"சும்னே டென்ஷன் பண்ணிக்காதீங்கோ. கம்பெனிக்காராளைக் கூப்பிட்டுக் கேக்கறேன்."

வாயால் சொன்னால் அவர் கேட்கிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். இதே விஷயத்தை ஒரு தடவை சொல்லி, அது கோப்பில் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் எல்லாப் பிரிவினரும் கூடும் வாராந்திரக் கூட்டம். வாய்வரை சரியாக ஐந்து பங்கு பிடிக்கிற இரண்டு சாம்பிள் பாட்டில்களைத் தேடி எடுத்தேன். கேசரிப் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டேன். தலைவர் ஆங்கிலத்தில் எதையோ தொடங்கியபோது எழுந்து போய் அவர் முன்னால் மேசையில் பாட்டில்களை வைத்தேன். டேப்லெட்டையும் பக்கத்தில் நிறுத்தினேன்.

"இது நம்ம கூடத்தோட செய்முறை" என்று கன்னடத்தில் சொன்னேன், எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று. சாயம் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. முதல் பாட்டில் வாய்வரை நின்றது, ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இது நாம் வாங்கிய கருவி சொல்வது." சாயம் ஒரு பங்கு. தண்ணீர் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பாட்டில் நிறைந்துவிட்டது. டேப்லெட் இன்னும் ஊற்று என்று காட்டிக்கொண்டிருந்தது. ஊற்றினேன். செந்நிறத் தண்ணீர் வழிந்து மேசையில் ஓடியது. மனிதவளக்காரர் தன் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

என் விரல்கள் அதிசயமாக அப்போது நடுங்கவில்லை.

"இது முடிவை ஐந்தால் பெருக்குகிறது. ஆறாகக் கலந்துவிட்டு ஐந்தால் பெருக்கினால் குறைவாகத்தான் வரும். அவள் கழிப்பறைக்குப் போனதால் வரவில்லை" என்றேன்.

தலைவர் காகிதத்தை எடுத்துத் தண்ணீரை ஒற்றினார். பிறகு தமிழில், தணிந்த குரலில் சொன்னார். "ஆய்த்து. செட்டிங் மாத்திடலாம். உக்காருங்கோ."

"அது மட்டும் போதாதுங்க சார். புதுப்பிச்சதுக்கு அப்புறம் போன எல்லா ரிப்போர்ட்டும் இப்படித்தான் போயிருக்கும். எடுத்து வெச்ச சாம்பிளையெல்லாம் மறுபடி பாக்கோணும். பாத்து முடியற வரைக்கும் நா எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

அது ஒன்றுதான் என் கையில் இருந்தது. நஞ்சு அறிக்கை எதுவும் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. அவருக்கும் அது தெரியும். வாடிக்கையாளர்களிடம் என்ன சொல்வது என்று நீண்ட விவாதம் நடந்தது. ஒருவர், சொல்லாமலேயே விட்டுவிடலாமே என்று கேட்டார். அவர் முகத்தை இன்று பார்த்தாலும் எனக்கு அந்தக் கேள்விதான் காதில் விழுகிறது. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்.

அவளும் நானும் சேர்ந்துதான் மறுபரிசோதனை செய்தோம். அவளுக்கு உயரமான ஸ்டூல் ஒன்றைப் போட்டு உட்கார வைத்தேன். பெரும்பாலானவை தேறின. சில தேறவில்லை. நல்லது என்று நாங்கள் எழுதிக் கொடுத்த கடலை, அனுமதித்த அளவைத் தாண்டி நின்றது. திருத்திய அறிக்கைகள் போயின. ஒரு லோடு அதற்குள் மிட்டாய்க்காரர் கைக்குப் போய்விட்டிருந்தது. திரும்பி வந்ததா, வரவில்லையா என்று கேட்டேன். அது நம் வேலை இல்லை என்று பதில் வந்தது. இன்னும் எனக்குத் தெரியாது. கடலை மிட்டாயை அதற்குப் பிறகு நான் வாங்குவதில்லை.

அவளுக்குக் கொடுத்த காகிதத்தைச் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தப்பு எங்களுடையது என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. நான் தலைவரிடம் கேட்டேன். "எல்லார் முன்னாடியும் படிச்சீங்க. எல்லார் முன்னாடியும் சொல்லோணுமில்லீங்களா?" அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, "விடுங்கோ, அவளே மறந்திருப்பா" என்றார்.

நேரம் பார்க்கும் திரை மட்டும் அப்படியே இருந்தது. அதற்குக் கீழ்த்தளத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவு செய்தார்கள். தேவராஜ மார்க்கெட் பக்கம் பாத்திரக் கடையில் சமையலறை டைமர்களை வாங்கி வந்தார்கள். கணக்குக்கு நான் போட்டுக் கொடுத்த எக்செல் தாள். டேப்லெட்டில் எந்தக் கட்டத்தையும் யாரும் தொடங்கவில்லை. மேலாளரின் திரை வெறுமையாக நின்றது. மிரட்டினார்கள், சுற்றறிக்கை அனுப்பினார்கள். முடிவுகளோ முன்னைவிடச் சுத்தமாக வந்தன. பிறகு ஒரு நாள் அந்தத் திரையையே எடுத்துவிட்டார்கள். எடுத்தோம் என்றும் சொல்லவில்லை.

வென்றுவிட்டோம் என்று நான் நினைத்தேன். அவள் பிரசவ விடுப்பில் போனாள். பெண் குழந்தை. விடுப்பு முடிவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. நான் மனிதவளப் பிரிவில் போய் நின்றேன். திட்டத்துக்கு நிதி இல்லையாம். அதே மாதம் அவள் ஸ்டூலில் இன்னொரு ஆள் உட்கார்ந்தார். கல்யாணமாகாத பையன். ஒரு வக்கீலைப் பார்க்கலாம் வா என்று அவளை அழைத்தேன். "கைக்கொழந்தைய வெச்சுட்டு கோர்ட்டுக்கு அலையச் சொல்றீங்களாக்கா?" என்றாள்.

சென்ற தசராவுக்கு முன்னால் அந்தப் பெங்களூர்க் கம்பெனி கேமராவோடு வந்தது. எங்கள் கூடத்தில் அவர்கள் மென்பொருள் எப்படி உதவுகிறது என்று ஒரு சின்னப் படம் எடுக்க. தேர்வு செய்தவர் நீங்கள்தானே, ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ என்று தலைவர் என்னை விளக்குக்கு முன்னால் நிறுத்தினார். நான் கன்னடத்தில் சொன்னேன். நான் இதைத் தேர்வு செய்யவில்லை. இது யாரையும் கேட்காமல் தன் கணக்கை மாற்றிக்கொண்டது. கர்ப்பிணி எத்தனை தடவை எழுந்து போனாள் என்று எண்ணியது, தான் எத்தனை பங்கு ஊற்றச் சொல்கிறோம் என்பதை எண்ணவில்லை. கேமராக்காரர் முதலிலேயே நிறுத்திவிட்டாரா என்று தெரியவில்லை. நான் முழுக்கச் சொல்லி முடித்தேன். தலைவர் அன்றிலிருந்து என்னிடம் தமிழ் பேசுவதில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளைக் கைபேசியில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் இப்போது கொள்ளேகாலில் ஒரு கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுக்கிறாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பின்னால் குழந்தை எதற்கோ அடம் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தது.

"இத்தனையும் பேசிப்போட்டு, நீங்க ஏனுங்க்கா இன்னும் அங்கயே இருக்கறீங்க?"

மகளுக்குப் பத்தாம் வகுப்பு, இந்த வயதில் எனக்கு வேறு இடம் கிடைக்காது என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை.

"நா பேசாம வந்துட்டேன். நீங்க பேசீட்டு அங்கயே இருக்கறீங்க. அவியளுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க்கா" என்றாள். குழந்தை மறுபடி கத்தியது. "இருங்க, பால் பொங்கீரும்" என்று வைத்துவிட்டாள்.

பஸ் வந்தது. உட்கார இடம் இருந்தும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன். அவளுக்கு என் மேலும் கோபம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.